முதலிடம் பிடித்த காவல் நிலையம்

டெலானிபூர்,
ஸ்ரீ விஜய புரம்.

அன்புள்ள தம்பிக்கு,

நம் டெலானிபூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அபர்டீன் காவல் நிலையம் 2019இல் நாட்டிலேயே முதலிடம் பெற்றதைச் சொல்லி, அப்படியானால் அந்தமான் போலீஸ்தான் இந்தியாவின் சிறந்த போலீஸா என்று கேட்டிருந்தாய். பெருமைப்பட வேண்டிய செய்திதான். 15,579 காவல் நிலையங்களைக் கணக்கில் எடுத்து மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட பட்டியல் அது. குஜராத்தின் பாலாசினோர் இரண்டாவது, தமிழ்நாட்டில் தேனி அனைத்து மகளிர் காவல் நிலையம் நான்காவது. மறு ஆண்டு மணிப்பூரின் நோங்போக் செக்மாய் முதலிடத்துக்கு வந்தது. சேலம் சூரமங்கலம் மகளிர் காவல் நிலையம் இரண்டாவது, நம் வட, மத்திய அந்தமான் மாவட்டத்துக் காளிகாட் ஆறாவது. ஆனால் ஒரு காவல் துறை எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு இந்தப் பட்டியலில் விடை இல்லை. அது தயாரான விதத்தைப் பார்த்தாலே காரணம் புரியும்.

2015இல் கட்ச் பகுதியில் நடந்த காவல் துறைத் தலைவர்கள் மாநாட்டில் பிரதமர் சொன்ன யோசனையிலிருந்து பிறந்தது இந்தத் தரவரிசை. சொத்து தொடர்பான குற்றங்களையும், பெண்களுக்கும் நலிந்த பிரிவினருக்கும் எதிரான குற்றங்களையும் ஒவ்வொரு நிலையமும் எப்படிக் கையாண்டது என்று முதலில் வடிகட்டுவார்கள். வடிகட்ட எடுத்துக்கொள்வது காவல் துறையின் சொந்தப் பதிவுகளைத்தான். அடுத்த கட்டத்துக்கு, 750க்கு மேல் நிலையங்கள் உள்ள மாநிலத்துக்கு மூன்று, மற்ற மாநிலங்களுக்கும் டெல்லிக்கும் இரண்டிரண்டு, யூனியன் பிரதேசத்துக்கு ஒன்று என்று இடம் ஒதுக்கி, 2020இல் 75 நிலையங்களைத் தேர்ந்தார்கள். ஆயிரத்துக்கு மேல் நிலையங்கள் உள்ள தமிழ்நாட்டுக்கு மூன்று இடம், இருபது சொச்சம் நிலையங்கள் உள்ள நமக்கு ஒன்று. கடைசி மதிப்பெண்ணில் 19 சேவை அளவைகளுக்கு 80 விழுக்காடு. கட்டட வசதி, போலீஸாரை மக்கள் எளிதில் அணுக முடிகிறதா என்பது, மக்கள் கருத்து ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே 20 விழுக்காடு. கருத்து கேட்கப்பட்டவர்கள் நாடு முழுக்க 4,056 பேர், அதாவது நிலையத்துக்குச் சராசரியாக 54 பேர். நன்றாக நடக்கும் ஒரு நிலையத்தைத் தட்டிக்கொடுக்க இந்த முறை போதும். ஒரு துறையை எடைபோடப் போதாது.

என் வாதம் இதுதான்: காவல் துறையின் வேலையை, காவல் துறையே எழுதும் குற்ற எண்ணிக்கையைக் கொண்டு அளக்கக் கூடாது. புகாரோடு போனவருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கொண்டு, வெளியார் அளக்க வேண்டும். தேர்வு எழுதியவனே விடைத்தாளையும் திருத்துகிற ஏற்பாட்டில் யாரும் தோற்பதில்லை. குற்ற எண்ணிக்கை என்பது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல, எழுதப்பட்ட எஃப்.ஐ.ஆர்.களின் எண்ணிக்கை. தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவர்கள் பலர், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதை நீ கேள்விப்பட்டிருப்பாய். ரசீது கிடைத்துவிட்டதே என்று அவர்களும் ஆறுதலடைவார்கள். ஆனால் அந்த ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாத வரைக்கும் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் அந்தத் திருட்டோ அடிதடியோ நடக்கவே இல்லை. 'குற்றம் குறைந்திருக்கிறது' என்று மேலதிகாரிக்குக் காட்ட வேண்டிய ஆய்வாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. குற்றத்தைத் தடுக்கலாம், அல்லது எழுதாமல் விடலாம். இரண்டாவது எளிது, செலவில்லாதது, அதே பாராட்டையும் வாங்கித் தரும்.

டெல்லியைப் பார். 2012இல் அங்கே இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் பதிவானவை 54 ஆயிரம் சொச்சம் வழக்குகள். 2014இல் அந்த எண் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில் தலைநகரத்தில் திருடர்கள் மூன்று மடங்கு பெருகிவிட்டார்கள் என்று நம்ப யாரும் தயாராக இல்லை. இடையில் நடந்தவை வேறு: 2012 டிசம்பரின் கூட்டு வன்கொடுமைக்குப் பிறகு எழுந்த மக்கள் கோபம் ஒன்று, கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் கொடுத்த தீர்ப்பு இன்னொன்று. பதிவேடு திறந்தது, எண் ஏறியது. எண்ணை மட்டும் பார்ப்பவன் அந்த இரண்டு ஆண்டுகளை டெல்லி போலீஸின் படுதோல்வி என்பான். ஆனால் அது துறை சற்றே நேர்மையாக நடந்துகொண்ட காலம். கேரளத்தின் கதையும் இதுதான். லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்ற கணக்கில் அது உத்தரப் பிரதேசத்தையும் பிகாரையும் தாண்டி மேலே நிற்கிறது. அதனால் பிகார் கேரளத்தைவிடப் பாதுகாப்பானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குற்றம் பெருகுவது வேறு, பதிவு பெருகுவது வேறு என்று ஆவணக் காப்பகமே தன் ஆண்டறிக்கையில் எச்சரிக்கிறது. ஆண்டுதோறும் அறிக்கை வெளிவந்த அன்றைக்குத் தொலைக்காட்சி விவாதங்களில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

இது நம் நாட்டுக்கே உரிய நோய் என்று நினைத்துவிடாதே. இங்கிலாந்தில் போலீஸ் பதிவுசெய்யும் குற்றப் புள்ளிவிவரத்துக்கு இருந்த 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தகுதி 2014 ஜனவரியில் பறிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அங்குள்ள காவல் ஆய்வு அமைப்பு கோப்புகளைத் தோண்டிப் பார்த்தபோது, மக்கள் தெரிவித்த குற்றங்களில் 19 விழுக்காடு பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். பாலியல் குற்றங்களில் விடுபட்டவை 26 விழுக்காடு. ஒழுங்குக்குப் பேர்போன துறையே, இலக்கு கொடுத்து நெருக்கியதும், பேனாவைக் கீழே வைத்துவிட்டது.

எண்ணிக்கையில் ஏறாதது இன்னொன்றும் உண்டு: போலீஸே செய்யும் தீங்கு. சூரமங்கலம் இரண்டாம் இடம் பெற்ற அதே 2020இல்தான் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஒரு தந்தையும் மகனும் அடித்துச் சித்திரவதை செய்யப்பட்டு, பிறகு காவலில் இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், கண்காணிப்பு கேமராவின் பதிவுகள் அன்றன்றைக்கே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். ஒரு டெராபைட் சேமிப்பு வசதி இருந்தும் அப்படி. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும், பதிவுகளை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2 அன்று உத்தரவிட்டது. மறுநாள் உள்துறை அமைச்சகம் நாட்டின் சிறந்த பத்து நிலையங்களை அறிவித்தது. இரண்டும் ஒரே துறையைப் பற்றியவை. ஆனால் ஒன்றின் கணக்கில் மற்றொன்றுக்கு இடமில்லை.

நம் தீவுகளுக்கு வருவோம். இங்கே எண்கள் இன்னும் மோசமாக ஏமாற்றும். 2011 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகை 3,80,581. ஒரே ஒரு கொலை கூடினால் லட்சம் பேருக்கான கொலை விகிதம் 0.26 ஏறிவிடும். ஏழு கோடிக்கு மேல் மக்கள் உள்ள தமிழ்நாட்டில் அதே ஒரு கொலை விகிதத்தை அசைக்கக்கூட அசைக்காது. பத்து பதினான்கானால் '40 விழுக்காடு உயர்வு' என்று தலைப்புப் போடலாம்; அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆள்பலத்தை ஒப்பிடுவதும் இப்படித்தான். மக்கள்தொகைக்கு நம்மிடம் உள்ள போலீஸார் தேசியச் சராசரியைவிடப் பல மடங்கு. ஆனால் அவர்கள் கடலோரத்தையும் பழங்குடிக் காப்பகங்களையும் காக்க வேண்டும், தீவுக்குத் தீவு தனித்தனியாக ஆள் நிறுத்த வேண்டும். தமிழ்நாட்டு மாவட்டம் ஒன்றோடு இதை ஒப்பிடுவதில் பொருளில்லை.

போதைப்பொருள் பறிமுதலை வைத்து அளந்தாலோ இன்னும் வேடிக்கை. 2024 நவம்பரில் பாரன் தீவுக்கு அருகே ஒரு மியான்மர் மீன்பிடிப் படகிலிருந்து சுமார் 6 டன் மெத்தாம்பெட்டமைனைக் கடலோரக் காவல் படை கைப்பற்றி, வழக்கை நம் போலீஸிடம் ஒப்படைத்தது. எடையைக் கொண்டு மதிப்பெண் போட்டால் அந்த ஆண்டு அந்தமானை எவராலும் தொட முடியாது. கண்ணில் படாமல் போன படகுகள் எத்தனை என்பதை அந்த எடை சொல்லாது.

எண்ணிக்கைக்கு முற்றிலும் அடங்காத வழக்கும் நம்மிடம் ஒன்று உண்டு. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்கர் சட்டத்தை மீறி வட சென்டினல் தீவுக்குப் போய்க் கொல்லப்பட்டார். கொலை வழக்குப் பதிவானது. அவரைக் கொண்டுபோய் விட உதவியவர்கள் கைதானார்கள். ஆனால் உடலை மீட்கவோ அம்பு எய்தவர்களைப் பிடிக்கவோ போலீஸ் அந்தக் கரையில் இறங்கவில்லை. வெளியாரின் சாதாரணக் காய்ச்சலே அந்தச் சிறு கூட்டத்தை அழித்துவிடும் என்பதால், விலகி நின்றதுதான் சரி. நம் காவல் துறை அண்மைக் காலத்தில் எடுத்த மிக நிதானமான முடிவுகளில் அது ஒன்று என்பேன். துப்புத் துலக்கும் விகிதத்தின்படி அது துலங்காத கொலை.

அப்படியானால் அளக்கவே கூடாதா என்பாய். அளக்க வேண்டும், ஆனால் வேறு முனையிலிருந்து. இங்கிலாந்தில் 1982 முதல் வீடு வீடாகப் போய், 'கடந்த ஓராண்டில் உங்களுக்கு எதிராக என்ன குற்றம் நடந்தது, புகார் கொடுத்தீர்களா' என்று கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். பதிவேட்டில் பொய் புகுந்ததை ஊர் நம்பியதற்கு, ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கணக்கு பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணம். இந்தியாவில் சில பெருநகரங்களில் தனியார் ஆய்வு நிறுவனங்கள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. திருட்டுக் கொடுத்தவர்களில் சிறு பகுதியினரே எஃப்.ஐ.ஆர். வரை போய்ச் சேர்ந்தார்கள் என்பதே அவை கண்டது. போலீஸ் கணக்கு ஒரு பக்கம், மக்கள் கணக்கு ஒரு பக்கம். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்பதுதான் நான் நம்பும் அளவுகோல்.

இதற்கு மூத்த அதிகாரிகள் சொல்லும் மறுப்புகள் லேசானவை அல்ல. மக்களைக் கேட்டால் சிரித்துப் பேசும் சார்பு ஆய்வாளருக்கு மதிப்பெண் விழும், திறமையான சிடுமூஞ்சிக்கு விழாது என்பார்கள். கருத்தைக் கேட்டால் அது உண்மைதான். ஆகவே கருத்தைக் கேட்காதே, நடந்ததைக் கேள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கையில் கிடைத்ததா? பணம் கேட்டார்களா? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவித்தார்களா? இவற்றுக்கு ஆம், இல்லை என்ற பதில்தான் உண்டு. புன்னகைக்கு அங்கே மதிப்பெண் இல்லை.

பதிவைப் பாராட்டினால் பொய் வழக்குகள் குவியும் என்பது இன்னொரு மறுப்பு, இன்னும் வலுவானது. சொத்துத் தகராறுக்கும் குடும்பச் சண்டைக்கும் போலீஸைக் கருவியாக்குகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள். சட்டமும் இதை மறந்துவிடவில்லை. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாள் பூர்வாங்க விசாரணைக்கு இடம் வைத்திருக்கிறது. அதோடு, பதிவான பொய்ப் புகாரைப் பொய் என்று எழுத்தில் முடித்து நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். யாரும் அதைச் சரிபார்க்கவும் முடியும். பதிவாகாத உண்மைப் புகாரைச் சரிபார்க்க ஒரு தாள்கூட மிஞ்சாது. தண்டனை விகிதத்தை வைத்து அளக்கலாமே என்பவர்களுக்கும் இதே பதில்தான்: உறுதியான வழக்குகளை மட்டும் எழுதிக்கொண்டால் அந்த விகிதம் தானாகவே உயரும்.

மிச்சமிருப்பது ஒரு கேள்வி, நமக்கே உரியது: அளந்ததை யாரிடம் வைப்பது? பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பாதுகாப்பு ஆணையம் அமைத்து, காவல் துறையின் செயல்பாட்டை மதிப்பிட்டு, அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்கச் சொன்னது. நமக்குச் சட்டமன்றமே இல்லை. தமிழ்நாட்டில் காவல் துறை மானியக் கோரிக்கை வரும் நாளில் எதிர்க்கட்சியாவது எழுந்து நின்று கேட்கும். இங்கே துணைநிலை ஆளுநருக்குக் கீழே துறை, அவருக்கு மேலே டெல்லியில் அமைச்சகம். பத்திரிகைகளும் உன்னைப் போன்றவர்களும் கேட்டால்தான் உண்டு.

எனவே கேள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய், பதில் தர அவகாசம் 30 நாள். அபர்டீன் நிலையத்துக்கு ஓராண்டில் வந்த புகார்கள் எத்தனை, எஃப்.ஐ.ஆர். ஆனவை எத்தனை, 90 நாட்களுக்குள் தகவல் பெற்ற புகார்தாரர்கள் எத்தனை பேர் என்று கேட்டு எழுது. ஒரே ஆண்டோடு நிறுத்தாமல் மூன்று ஆண்டுகளுக்குக் கேள். நம்முடைய சிறிய எண்களுக்கு அவ்வளவாவது வேண்டும். பதில் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்