ஆங்கிலம் அறிவோம்: பழிவாங்கும் சொற்கள்

'பழிவாங்குதல்' என்று நாம் ஒரே சொல்லில் கூறுவதை ஆங்கிலேயர் பல சொற்களாகப் பிரித்துக் கூறுவர். ஒன்றுக்கு மற்றொன்றை எழுதினால் ஒருவருடைய குணத்தையே மாற்றி எழுதியதாகிவிடும்.

தனக்கு இழைக்கப்பட்ட தீங்குக்குத் தானே தீங்கு செய்து மனம் ஆறுவது 'றிவெஞ்ச்'. பிறருக்கு நேர்ந்த அநீதிக்காக, நியாயம் கருதித் தண்டிப்பது 'அவெஞ்ச்'. இவ்வேறுபாடு எக்காலமும் கண்டிப்பாகப் பேணப்பட்டதன்று. ஷேக்ஸ்பியரின் 'ஹம்லற்' நாடகத்தில், கொலையுண்ட தந்தையின் ஆவி மகனிடம் கேட்பது 'றிவெஞ்ச்' தான். லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்து விதவை நடுவனிடம் கேட்பதோ, பழைய ஆங்கில வேதாகமங்களில், 'அவெஞ்ச்'. தமிழில் அவள் கேட்பது நீதி. அங்கே 'பழிவாங்கும்' என்று மொழிபெயர்த்தால் அந்த ஏழைப் பெண்ணின் கதி என்ன!

பெயரடைகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். குறிப்பிட்ட ஒரு கொடுமையினால் வஞ்சம் கொண்டவர் 'வெஞ்ச்ஃபுல்'. 'வின்டிக்ரிவ்' என்பவரோ அற்ப விடயத்தையும் ஆண்டுக்கணக்காய் மனதில் வைத்துக் கறுவுபவர். அது அவரது சுபாவம். (குற்றமற்றவரென நிரூபிப்பதைக் குறிக்கும் 'வின்டிக்கேற்' என்ற நல்ல சொல்லும் இதே இலத்தீன் வேரில் பிறந்ததுதான்!) 'ஸ்பைற்ஃபுல்' என்பவருக்குத் தீங்கே நேர்ந்திருக்க வேண்டியதில்லை; அயல்வீட்டார் நன்றாயிருந்தாலே போதும்.

மகனைக் கொன்றவர்களை நீதிமன்றில் நிறுத்தப் பாடுபடும் தாயின் செயலுக்கு 'அவெஞ்ச்' பொருந்தும். அவளை 'வின்டிக்ரிவ்' என்று எழுதினீர்களாயின், குற்றம் அவள்மேல் வந்துவிடும்.