நம்பிக்கைகளும் உண்மைகளும்: புரை முற்றட்டும் என்று காத்திருக்கலாமா?

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குப் பினாங்குப் பொது மருத்துவமனை தூரமில்லை. பக்கத்திலேயே ஜாலான் ரெசிடென்சியில் இருக்கிறது. இருந்தும் பார்வை பெரும்பகுதி போன பிறகே கண் மருத்துவரைத் தேடும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களைத் தயங்க வைப்பவை சில பழைய நம்பிக்கைகள்.

"புரை நன்றாக முற்றட்டும், அப்புறம் ஆபரேஷன் செய்யலாம்."

ஒரு காலத்தில் மருத்துவர்களே இப்படிச் சொன்னார்கள். அப்போது புரையை எடுத்தால் அதன் இடத்தில் வைக்க வில்லை கிடையாது. தடித்த கண்ணாடிதான் கதி. 1949இல் லண்டனில் ஹாரல்ட் ரிட்லி செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தியபோது அந்தக் காலம் முடியத் தொடங்கியது. இன்று ஒலியலையால் புரையைக் கரைத்துச் சிறு துளை வழியே உறிஞ்சி எடுக்கிறார்கள். முற்றவிட்டால் புரை இறுகி, அறுவைதான் கடினமாகும். பேப்பர் படிக்க, படி இறங்கத் தடுமாறினாலே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். 2014ஆம் ஆண்டின் தேசியக் கண் ஆய்வின்படி, 50 வயதைத் தொட்ட மலேசியர்களின் பார்வையிழப்பில் 58.6 விழுக்காட்டுக்குக் காரணம் சிகிச்சை பெறாத புரை. மீட்டிருக்கக்கூடிய பார்வை அது!

"தேனோ தாய்ப்பாலோ விட்டால் புரை கரையும்."

கரையாது. கிருமி புகுந்து கருவிழி புண்ணாகலாம்.

"இனிப்புநீர் இருக்கிறது, ஆனால் கண் நன்றாகத்தானே தெரிகிறது?"

என்னை அதிகம் அஞ்ச வைப்பது இந்தக் கேள்வி. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களிடையே 31.4. சர்க்கரையால் விழித்திரையின் நுண்குழாய்கள் கசியத் தொடங்கினாலும், நடுப்பகுதி வீங்கும்வரை அல்லது உள்ளே இரத்தம் கொட்டும்வரை பார்வை தெளிவாகவே இருக்கலாம். கண் அழுத்த நோயும் இப்படித்தான். பெரும்பாலும் வலியே இருக்காது. ஓரப் பார்வை முதலில் போகும், ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடும். அதில் இழந்த பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். திடீரென்று கண் சிவந்து கடுமையாக வலித்து, வாந்தியும் வந்தால் அன்றே, அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனிப்புநீருக்கு மாத்திரை வாங்க அம்மா, அப்பா அரசு கிளினிக்குக்குப் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். இந்த ஆண்டு விழித்திரைப் படம் எடுத்தாயிற்றா என்று அங்கேயே கேளுங்கள். எடுக்கவில்லையென்றால், தேதி வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.