இழுக்காத சுருட்டை முதலில் பிளந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, உறையூரில் அப்பா நடத்திய சுருட்டுப் பட்டறையை இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். பதினொரு பேர் சுருட்டுகிறார்கள். பழைய வாடிக்கைக் கடைகளோடு போன வருடம் பெங்களூரில் ஒரு கடைக்கும் அனுப்பத் தொடங்கினோம். மரப்பெட்டிக்கு 25 சுருட்டு. முதல் மூன்று தடவை ஒரு குறையும் வரவில்லை. இந்த மே மாதம் அனுப்பிய 40 பெட்டியில் புகாருக்கு மேல் புகார். இழுக்க வரவில்லை, ஒரு பக்கமாக எரிகிறது, மேல் இலை வெடித்திருக்கிறது, சாம்பல் கறுப்பாக உதிர்கிறது என்கிறார்கள். ஒரு பெட்டியில் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள் என்று வாட்ஸ்அப்பில் படம் வேறு. “கையால் செய்யும் பொருளில் சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும்” என்று பதில் போட்டேன். கடைக்காரருக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. திரும்பி வருகிற ஒவ்வொரு சுருட்டுக்கும் சுருட்டியவர் கூலியில் பிடிக்கலாமா என்று யோசிக்கிறேன். என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

பதில்: தம்பி, கூலியில் பிடிக்காதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசுவோம்.

நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் இதைச் செய்து பார்த்தார்கள். முதலாளி நல்ல மனிதர்தான், கோபக்காரர். இழுக்கவில்லை என்று திரும்பி வந்த சுருட்டை நூலில் கட்டி, சுருட்டியவர் உட்காரும் பலகைக்கு நேர் மேலே தொங்கவிட்டார். சனிக்கிழமை கூலியில் அதற்கான காசையும் கழித்தார். அடுத்த வாரமே “இழுக்கவில்லை” என்ற புகார் நின்றுபோனது. மூன்றாவது வாரம் வேறு புகார் வந்தது: சீக்கிரம் எரிந்துவிடுகிறது, நாக்கைச் சுடுகிறது. பயந்த கை இலையைக் குறைத்துப் போட்டுத் தொளதொள என்று சுருட்டியிருந்தது. நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் நாம் வேகத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். குறைக்கு அபராதமும் போட்டால், சுருட்டுகிறவர் எந்தக் குறைக்கு அபராதம் இல்லையோ அந்தக் குறைக்கு நகர்ந்துவிடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கடைக்காரருக்கு அடுத்த கடிதம் எழுதுவதற்கு முன்னால், திரும்பி வந்த சுருட்டுகளை வரவழைத்து, சவரக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பாதி புகைத்துப் போட்டதும் வேண்டும். பிளக்காமல் எழுதுகிற எந்தப் பதிலும் சமாளிப்புதான்.

இழுக்காத சுருட்டைப் பிளந்தால் நான்கில் ஒன்று கண்ணில் படும். உள் இலை ஒரு இடத்தில் கயிறுபோல முறுக்கிக்கொண்டு கிடக்கலாம். அப்படியென்றால் கோளாறு கையில். சேர்த்துப் பிடிக்கும்போது இலையை நேராக விடாமல் திருகியிருக்கிறார்; பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். முறுக்கே இல்லாமல், நுனி முதல் அடி வரை ஒரே இறுக்கமாக இருந்தால் உள் இலை எடை கூடியிருக்கிறது. இலையை அளந்து கொடுத்தவரைக் கேளுங்கள். நடுவில் தீக்குச்சி கனத்துக்கு நரம்பு கிடந்தால் நரம்பு கிழிக்கிற இடத்தில் தவறு. நான்காவது, இலையைத் தொட்டால் விரலில் ஒட்டுகிற ஈரம். இலை பதமாக இருந்தால்தான் சுருட்டவே முடியும், காய்ந்தால் நொறுங்கும். ஆனால் சுருட்டி முடித்ததும் அந்த ஈரம் வெளியேற நாள் கொடுக்க வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் இலை ஊதி, காற்றுப் போகிற வழியை அடைத்துவிடும். அவசர ஆர்டர் என்று நாள் குறைத்தது யார்? பெரும்பாலும் முதலாளி. நான்கு காரணத்தில் ஒன்றுதான் சுருட்டுபவர் கையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் அபராதம் போட நினைத்தது அவருக்கு மட்டும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1990-களில் அமெரிக்காவில் சுருட்டு மோகம் கிளம்பி, உலகம் முழுக்கச் சரக்குக்கு அடிதடி ஆயிற்று. கியூபாக்காரர்களும் உற்பத்தியை ஏற்றினார்கள். புதுக் கைகள், குறைந்த பழக்கம், தினக் கணக்கு ஏற வேண்டும் என்ற நெருக்கடி. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஹவானா சுருட்டுக்கே இழுக்கவில்லை என்ற கெட்ட பெயர் வந்தது. அதன் பிறகுதான் அங்குள்ள ஆலைகளில் காற்றிழுப்பை அளக்கும் இயந்திரம் பரவலாக வந்தது. அந்த இயந்திரத்தைவிட, அதை எந்தக் கட்டத்தில் வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. உள் இலையைச் சேர்த்து, கட்டு இலை சுற்றி, அச்சில் அழுத்தி எடுத்த உடனே சோதிக்கிறார்கள். மேல் இலை அப்போது ஏறியிருக்காது. தவறினால் பிரித்து மறுபடி கட்டலாம், விலை கூடிய மேல் இலை வீணாகாது. நம் பக்கத்தில் எல்லாம் முடிந்து பெட்டியில் அடுக்கும்போதுதான் ஒருவர் விரலால் அமுக்கிப் பார்க்கிறார். அப்போது கண்டுபிடித்து என்ன பயன்?

இயந்திரம் வாங்கச் சொல்லவில்லை. அடியில் குழாய் வைத்த ஒரு தண்ணீர் கேன் போதும். நான் வருடக்கணக்காக அதைத்தான் வைத்திருந்தேன். கேனை நிரப்பி, மூடியில் துளையிட்டு ஒரு ரப்பர் குழாய் சொருகி, சுற்றிலும் மெழுகு பூசிவிடுங்கள். ரப்பர் குழாயின் மறுமுனையில் சுருட்டைப் பொருத்துங்கள். கீழே குழாயைத் திறந்தால், வெளியேறுகிற தண்ணீருக்கு ஈடாகச் சுருட்டு வழியாகத்தான் காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஒரு லிட்டர் பாத்திரம் நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். நீங்களே புகைத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடிய கையிருப்பிலிருந்து பத்து எடுத்து, அந்த நேரங்களின் சராசரியைச் சுவரில் எழுதிவையுங்கள். அதைவிட ஒன்றரை மடங்கு நேரம் எடுப்பது பெட்டிக்குப் போகக் கூடாது. பாதி நேரத்தில் நிரம்பினால் அதுவும் போகக் கூடாது. அதுதான் நாக்கைச் சுடுகிற சுருட்டு. ஒவ்வொரு தடவையும் கேனில் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு இருக்கட்டும், இல்லையென்றால் கணக்கு மாறும். ஒவ்வொருவர் கட்டிலிருந்தும் தினம் மூன்று எடுத்துப் பார்த்தால் போதும்.

அதோடு எடை. கியூபாவில் 50 சுருட்டைச் சேர்த்துக் கட்டிய கட்டுக்கு ‘அரைச் சக்கரம்’ என்று பெயர், அது தராசில் ஏறாமல் நகராது. உங்களிடம் எலக்ட்ரானிக் தராசு நிச்சயம் இருக்கும். ஒரே நீளம், ஒரே தடிமன் உள்ள இரண்டு கட்டில் ஒன்று கனமாக இருந்தால், பிளக்காமலே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

ஒரு பக்கமாக எரிகிறது என்ற புகாரை அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள், மறுக்கவும் செய்யாதீர்கள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பற்றவைத்தால் எந்தச் சுருட்டும் கோணலாகத்தான் எரியும். செடியின் மேல் தட்டில் பறித்த கனத்த இலை மெதுவாக எரியும். அதை நடுவில் வைக்காமல் ஓரத்தில் தள்ளியிருந்தால் அந்தப் பக்கம் பின்தங்கும். இதுவும் பிளந்தால் தெரியும். ஆனால் பெட்டி முழுவதும் சரியாக எரியாமல் அணைந்து அணைந்து போகிறது என்றால் இலையைச் சந்தேகப்படுங்கள். இந்தக் கோடையில் இலை வாங்கும் இடத்தை மாற்றினீர்களா? உப்புத் தண்ணீர் பாய்ந்த நிலம், அல்லது மியூரேட் ஆஃப் பொட்டாஷ் உரம் போட்ட நிலம் என்றால் இலையில் குளோரைடு ஏறியிருக்கும். குளோரைடு ஏறிய இலை நெருப்பைப் பிடித்துவைக்காது. புகையிலைக்குச் சல்பேட் ஆஃப் பொட்டாஷ்தான் போட வேண்டும் என்று விவசாயிக்குத் தெரியும், விலைதான் அவரைத் தடுக்கிறது. சிப்பத்தைப் பிரித்ததும் இலையின் நடுவில் எரிகிற ஊதுபத்தியை வைத்து எடுங்கள். கங்கு தானாகப் படர்ந்துகொண்டே போனால் வாங்கலாம். இரண்டு, மூன்று நொடியில் அவிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பி அனுப்புங்கள். விவரம் வேண்டுமென்றால் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுருட்டு இலையைப் பற்றித் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான்.

மேல் இலை வெடித்தது மே மாதத்து வேலை. காய்ந்த மரப்பெட்டி சுருட்டின் ஈரத்தைக் குடிக்கும், லாரி குடோனில் கிடந்த நாட்கள் மிச்சத்தை முடித்துவிடும். பெட்டிகளையும் சுருட்டையும் 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் ஒரு வாரம் சேர்த்தே வைத்திருந்து, பிறகு அடுக்கி, பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்புங்கள். ஈரமானியை நம்புவதற்கு முன் ஒரு சோதனை: ஒரு மூடியில் உப்பைக் கெட்டியாக நனைத்து, ஈரமானியோடு இறுக்கமான டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 68 காட்டியது. அதை நம்பி இரண்டு வருடம் சரக்கு வைத்திருந்தேன் என்பதை இங்கேதான் முதல்முதலாகச் சொல்கிறேன்.

ஓட்டைதான் அவசரம். அது ஊசி குத்தியது இல்லை. செம்பழுப்பு நிறத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள சிகரெட் வண்டு உள்ளேயிருந்து துளைத்துக்கொண்டு வந்த வழி. அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாது. முட்டை வண்டாக நம்மூர் வெயிலிலும் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும். நீங்கள் அனுப்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்து, பெட்டியின் வெளியுறையில் ஓட்டையும் இல்லையென்றால், முட்டை உங்கள் குடோனிலேயே இருந்திருக்கிறது. கடைக்காரர் அலமாரியில் பிடித்தது என்று வாதாடாதீர்கள். அந்தப் பெட்டியை உடனே பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியே வைக்கச் சொல்லுங்கள். இனிமேல் போகிற சரக்கை உறையிட்டு, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் மூன்று நாள், பிறகு சாதாரண ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்து வெளியே எடுங்கள். நேரே வெயிலுக்குக் கொண்டுவந்தால் மேல் இலை வெடித்து, வேறொரு புகார் வரும்.

கறுத்த சாம்பல் புகாருக்கு மட்டும் தலைநிமிர்ந்து பதில் எழுதலாம். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பல் கறுத்து, ஏடு ஏடாக உதிர்வதைப் பார்த்துத்தான் கொலைகாரன் புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிகிறவர் சொல்லுவார். வெள்ளைச் சாம்பல் விழும் வெளிநாட்டுச் சுருட்டில் பழகியவர் குறை என்று நினைத்தது நம் ஊர் அடையாளம். சுருட்டு அணையாமல் எரிகிற வரை அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

கையால் செய்வதால் வேறுபாடு இருக்கும் என்ற வாக்கியத்துக்கும் இங்கேதான் இடம். மேல் இலையின் நிறம் கொஞ்சம் முன்பின் இருந்தால் அதை எழுதலாம். காசு கொடுத்து வாங்கியது இழுக்கவே வராதபோது அதை எழுதினால், “நீ குறை சொல்லத் தெரியாதவன்” என்று அவருக்குக் கேட்கும். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இன்றைக்கே இப்படி எழுதுங்கள்: “புகார் கிடைத்தது. ஓட்டை விழுந்த பெட்டியைப் பையில் கட்டித் தனியே வைத்துவிடுங்கள், மற்றவற்றுக்குப் பரவும். பாதி எரிந்ததையும் மிச்சத்தையும் பெட்டியோடு அனுப்புங்கள், கூரியர் செலவு எங்களுடையது. கையில் கிடைத்த மூன்றாம் நாள் என்ன கண்டோம் என்று எழுதுகிறேன்.” அவ்வளவு போதும். வருத்தம் தெரிவித்து ஒரு பக்கம் எழுத வேண்டாம். மூன்றாம் நாள் கடிதத்தில், எத்தனையைப் பிளந்தீர்கள், எதில் என்ன இருந்தது, என்ன மாற்றினீர்கள் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். ஈரத்தோடு அனுப்பியது நீங்கள் என்றால் நான்தான் என்று எழுதுங்கள். மாற்றுச் சரக்கை வேறு நாளில் சுருட்டிய கட்டிலிருந்து அனுப்புங்கள். அதே நாள் சரக்கிலிருந்து அனுப்பி இரண்டாவது தடவை மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பூஞ்சணம் என்று எப்போதாவது புகார் வந்தால் மட்டும் பிளப்பது, ஆராய்வது எல்லாம் வேண்டாம். அந்தத் தேதிச் சரக்கு முழுவதையும் திரும்ப எடுத்துவிடுங்கள். எச்சரிக்கைப் படம் பெட்டியை 85 சதவீதம் மூடுகிற சரக்கு நம்முடையது. உடம்புக்கு நல்லது என்று யாரும் வாங்குவதில்லை. அதற்காகப் பூஞ்சணத்தையும் சேர்த்துக் கொடுக்க முடியாது.

இருபத்தைந்தில் இருபத்துநாலைப் புகைத்து முடித்துவிட்டு, கடைசி ஒன்றை நீட்டிப் பெட்டிக் காசு முழுவதும் கேட்கிறவர்கள் வருவார்கள். ஒரு சுருட்டுக்கு ஒரு சுருட்டு கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இதெல்லாம் நடக்க ஒவ்வொரு கட்டிலும் சுருட்டிய தேதியும் சுருட்டியவர் எண்ணும் எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும், பெட்டியின் அடியிலும் அதே எண். இந்த எண் கூலி பிடிக்க இல்லை என்று பதினொரு பேரையும் உட்காரவைத்து நீங்களே சொல்லுங்கள், மேஸ்திரி வாயால் வேண்டாம். சுருட்டுகளைப் பிளக்கும்போது அவர்களும் சுற்றி இருக்கட்டும். முறுக்கு எங்கே விழுந்தது என்று உங்களைவிட வேகமாக அவர்களே காட்டிவிடுவார்கள்.

பெங்களூரிலிருந்து பெட்டிகள் வந்ததும் எல்லாவற்றையும் பிளந்துவிடாதீர்கள். இழுக்காதது ஒன்று, கோணலாக எரிந்தது ஒன்று அப்படியே எனக்கு அனுப்புங்கள். கேன் இன்னும் என் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது.