உபுண்டு போயிற்று, பூட் மெனு போகவில்லை

உபுண்டுவை நீக்குவது என்றால் பார்டிஷனை அழிப்பது என்றுதான் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். நான் பார்த்த வீடியோவும் அதைத்தான் சொன்னது: விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திற, உபுண்டு இருக்கும் பார்டிஷனை டெலிட் செய், முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தால் என்ன வரும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. வந்தது கறுப்புத் திரை. அதில் ‘கிரப்’ என்ற சொல், பக்கத்தில் ஓர் அம்புக்குறி, மினுக்கிக்கொண்டிருக்கும் கர்சர். விண்டோஸைக் காணோம்.

அடுத்த நாள் சர்வீஸ் கடைக்காரர் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, “ஃபார்மேட் அடிச்சாத்தான் சார் போகும், டேட்டாவுக்கு கேரண்டி கிடையாது” என்றார். நான் லேப்டாப்பைக் கொடுக்கவில்லை. கொடுக்காதது எவ்வளவு சரி என்று இப்போது தெரிகிறது. ஏனென்றால் என் விண்டோஸுக்கு எதுவுமே ஆகியிருக்கவில்லை.

நடந்தது இதுதான். கிரப் என்பது உபுண்டுவோடு வரும் பூட் லோடர். அதன் தொடக்கக் கோப்பு உபுண்டு பார்டிஷனில் இருப்பதில்லை. ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன் என்ற சின்ன இடத்தில், விண்டோஸின் பூட் கோப்புகளுக்குப் பக்கத்திலேயே தனி ஃபோல்டரில் இருக்கிறது. மதர்போர்டிலும் ‘உபுண்டு’ என்ற பெயர் பூட் வரிசையின் தலையில் பதிந்திருக்கிறது. பார்டிஷனை அழித்தபோது உபுண்டுவோடு கிரப் தேடும் மெனு கோப்பும் போயிற்று, கிரப்பின் தொடக்கக் கோப்பு போகவில்லை. வீட்டுக்காரர் காலி செய்த பிறகும் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி கிரப் நின்றுகொண்டிருந்தது.

அந்தத் திரையில் ‘எக்ஸிட்’ என்று டைப் செய்து எண்டர் தட்டினேன், விண்டோஸ் வந்துவிட்டது. வராவிட்டால் ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று உங்கள் கம்பெனிக்கு உரிய விசையை அழுத்தி, வரும் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள்.

‘ஃபிக்ஸ் எம்பிஆர்’ கட்டளை போடு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அது பழைய பயாஸ் காலத்து மருந்து. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோட் என்ற வரியில் யுஇஎஃப்ஐ என்று இருந்தால் அதனால் பயனில்லை, அது ஈஎஃப்ஐ பார்டிஷனைத் தொடுவதே இல்லை.

விண்டோஸ் வந்த பிறகு கிரப்பை முழுதாக நீக்க, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸ்க்பார்ட்டுக்குள் போங்கள். லிஸ்ட் வால்யூம் போட்டால் ஃபேட்32 என்ற வகையில், பெரும்பாலும் 100 எம்பி அளவில், சிஸ்டம் என்று ஒன்று தெரியும். அதை செலக்ட் செய்து அசைன் கட்டளையால் ஒரு டிரைவ் எழுத்து கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். உள்ளே ஈஎஃப்ஐ ஃபோல்டரில் மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு என்று இருக்கும். உபுண்டுவை மட்டும் நீக்குங்கள், மற்ற இரண்டையும் தொடவே கூடாது. டிஸ்க்பார்ட்டில் ‘கிளீன்’ என்ற கட்டளையை யார் சொன்னாலும் போடாதீர்கள், டிஸ்க் முழுவதும் காலியாகிவிடும். பிறகு பிசிடிஎடிட் கட்டளையால் ஃபர்ம்வேர் பட்டியலை எடுத்து, உபுண்டு என்ற பதிவின் அடையாள எண்ணை அடைப்புக்குறியோடு காப்பி செய்து டெலிட் கொடுத்தால் பூட் வரிசையிலிருந்தும் பெயர் போய்விடும்.

இன்னும் உபுண்டுவை அழிக்காதவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் பயாஸ் செட்டிங்கில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவாருங்கள், அடுத்து ஃபோல்டர், அடுத்து பதிவு, பார்டிஷன் கடைசியில்தான். வீடியோ போடுகிறவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வதால்தான் இத்தனை பேர் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் உங்கள் லேப்டாப்பில் ஆனில் இருந்தால், இதையெல்லாம் தொடங்கும் முன் அதன் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். பூட் வரிசையை மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

கடைக்காரர் ஃபார்மேட் என்று வாயெடுத்தால், லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.