அத்தியின் மறைந்த மலர்

அத்திப்பழத்தை ஏன் விலக்குகிறோம் எனச் சிறுவர் வினவுவதுண்டு. விடை அதன் பூவில் உள்ளது. நாம் காய் எனக் கருதும் குடத்தின் உட்சுவரிலேயே ஆண், பெண் பூக்கள் இரண்டும் மலர்கின்றன. முதலில் பெண் பூக்கள் முதிரும். அப்போது வேறு மரத்து மகரந்தத்தைச் சுமந்த சிறு பெண்குளவி நுனித்துளை வழியே நுழைந்து, பூக்களைக் கருவுறச் செய்து, சிலவற்றில் முட்டையிட்டு, உள்ளேயே மடிகிறது. பின்னர்ப் பிறக்கும் இறகற்ற ஆண்குளவிகள் அங்கேயே பெண்குளவிகளுடன் கூடி, வெளியேறும் வழியைக் குடைகின்றன. அதற்குள் ஆண் பூக்களும் முதிர, அம்மகரந்தத்துடன் பெண்குளவிகள் பறந்து செல்கின்றன.

அமிர்தசந்திரரின் புருஷார்த்த சித்தியுபாயம் அத்தி, ஆல், அரசு உள்ளிட்ட ஐவகைப் பழங்களை இயங்குயிர்களின் பிறப்பிடம் என்று கூறி விலக்கியது. அவ்விரதத்தின் காரணத்தைச் சிறுவர்க்கு இனிப் பழத்தைப் பிளந்தே காட்ட வேண்டியதில்லை. சொல்லி உணர்த்தினாலே போதும்.