விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறீர்களா?

பட்டம் கிடைத்துவிட்டது. வகுப்புச் சித்தியும் உண்டு. பல்கலைக்கழகம் ஒன்றின் பதவி வெற்றிட விளம்பரமும் வந்துவிட்டது. "இனியென்ன, விண்ணப்பத்தைப் போடவேண்டியதுதானே" என்கிறார் அப்பா. அம்மா அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் பையில் பத்திரப்படுத்திய சான்றிதழ்க் கட்டை எடுத்து மேசையில் வைக்கிறார். பாலர் வகுப்பில் கதை சொல்லிப் பெற்ற சான்றிதழ்கூட அதில் இருக்கிறது. இந்தக் கட்டில் உள்ளதையெல்லாம் வரிசையாகத் தாளில் இறக்கிவிட்டால் சுயவிபரக்கோவை ஆயிற்று என்பதே நம் வீடுகளில் பலரின் எண்ணம்.

அன்பான வாசகர்களே, கல்விசார் பதவிக்கு அது போதாது. "சீ.வீ." என்று நாம் சுருக்கிச் சொல்வது இலத்தீன் மொழியில் "கரிக்குலும் வீத்தே". பழைய பூசைப் புத்தகத்தில் இலத்தீன் ஓதிப் பழகிய மூத்தவர்கள் இதன் பொருளை எளிதில் உணர்வார்கள்: வாழ்வின் ஓட்டம். எங்கே தொடங்கினீர்கள், எவ்வழியே வந்தீர்கள், இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதை உங்களை முன்பின் அறியாத ஒருவருக்குக் காட்டுகின்ற எழுத்து அது. நீங்கள் செய்த வேலையின் கணக்கு என்றும் சொல்லலாம்.

அந்தக் கணக்கை வாசிப்பவர் யார்? துறைத் தலைவர், பீடாதிபதி, வெளியிலிருந்து அழைக்கப்படும் துறை வல்லுநர் போன்றவர்கள். இப்படியான குழுக்களில் நானும் சில தடவை அமர்ந்திருக்கிறேன். ஓர் இடத்துக்கு முப்பது நாற்பது கோவைகள் வந்து கிடக்கும். முதற் சுற்றில் ஒன்றுக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அதற்குள் நாங்கள் தேடுவது இதுதான்: இவர் இத்துறையில் என்ன செய்திருக்கிறார்? சொல்வதைச் சரிபார்க்க முடியுமா?

சென்ற ஆண்டு, எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி தன் கோவையை எடுத்துக்கொண்டு வந்தாள். பாடசாலை ஆசிரியை. புவியியலில் விசேட பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. பின்னர் முதுதத்துவமாணிப் பட்டமும் பெற்றவள். "சேர், மூன்று இடத்துக்குப் போட்டேன். ஒரு இடத்திலிருந்தும் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிடவில்லை" என்றாள். அவளுடைய கோவையைத் திருத்திய கதையோடு சேர்த்தே மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

முதற் பக்கம் முழுவதும் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, சமயம், விவாக நிலை, பிறகு சாதாரண தரத்துப் பாடங்கள் ஒவ்வொன்றும் பெறுபேறும். அவள் இரண்டரை ஆண்டுகள் பாடுபட்டுச் செய்த ஆய்வு நான்காம் பக்கத்தில் ஒரே வரியாகக் கிடந்தது! வாசிப்பவர் அங்கே போய்ச் சேருமுன் களைத்துவிடுவார்.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தமக்கென விண்ணப்பப் படிவம் வைத்திருந்தால், அதில் கேட்டதைக் கேட்டபடி நிரப்பத்தான் வேண்டும். ஆனால் உடன் இணைக்கும் கோவையில் அவற்றைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவதாயின் இன்னும் கவனம் வேண்டும். பிரித்தானியாவில் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், வயது, சமயம், விவாகம் முதலியவற்றைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அந்த விபரங்களையும் புகைப்படத்தையும் அங்கே கோவையில் சேர்ப்பதில்லை. பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் போதும்.

பெயர் என்றேன். நம்மவர்க்கு அதுவே ஒரு வில்லங்கம். ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொன்று, பாடசாலை இடாப்பில் மூன்றாவது. தகப்பன் பெயர் ஒரு கட்டுரையில் முன்னால் முதலெழுத்தாக நிற்கும். வேறொன்றில் பின்னால் முழுதாக நிற்கும். ஆங்கிலத்தில் யோகராசாவை இருவர் இருவிதமாக எழுதுவர். விளைவு? ஒரே ஆளின் மூன்று கட்டுரைகள் மூன்று ஆட்களின் கட்டுரைகளாகத் தேடலில் சிதறிப் போகின்றன. கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டல் ஒன்றையே முதற் கட்டுரையிலிருந்து கடைசிவரை பயன்படுத்துங்கள். 2012 இல் தொடங்கப்பட்ட "ஓர்கிட்" என்னும் அமைப்பு ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்கம் கொண்ட அடையாள எண்ணை இலவசமாக வழங்குகிறது. அதைப் பெற்றுக் கோவையின் தலைப்பில் போட்டுவிட்டால், பெயர் எப்படி மாறினாலும் ஆள் மாறாது. கலியாணத்தின் பின் பெயரை மாற்றிக்கொள்ளும் பெண்களுக்கு இது பெரிய உதவி.

செய்ததைச் சொல்லுங்கள்

அவள் எழுதியிருந்த அந்த ஒரு வரி: "நிலத்தடி நீர் பற்றி ஆய்வு செய்துள்ளேன்." இதிலிருந்து யாரால் எதை அறிய முடியும்? நான் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் மாரிக்கு முன்னும் பின்னும் நீர் எடுத்து நைத்திரேற்றின் அளவை ஒப்பிட்டிருக்கிறாள். சுண்ணாம்புக் கல் நிலத்தில் பசளை எவ்வளவு விரைவாகக் கீழிறங்குகிறது என்பதை வரைபடமாக்கியிருக்கிறாள். வரைபட மென்பொருளைத் தானாகவே பழகியிருக்கிறாள். இவற்றில் ஒன்றும் தாளில் இல்லை.

ஆகவே இப்படி எழுதச் சொன்னேன்: ஆய்வேட்டின் முழுத் தலைப்பு, மேற்பார்வையாளர் பெயர், பல்கலைக்கழகம், ஆண்டு. அடுத்து மூன்று வரி: கேள்வி என்ன, எத்தனை கிணறுகள், எத்தனை மாதங்கள், என்ன முறை, கண்டது என்ன. கல்வித் தகைமைக்கு அடுத்தபடியாக, முதற் பக்கத்திலேயே. எல்லாவற்றிலும் அண்மையது மேலே, பழையது கீழே. சாதாரண வேலைக்கான கோவை இரண்டு பக்கத்துள் அடங்கவேண்டும் என்பார்கள். கல்விசார் கோவைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆயினும் புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்று நான்கு பக்கங்கள் தாராளம்.

கட்டுரைகளின் பட்டியலில்தான் நல்ல பிள்ளைகளும் வழுக்கி விழுகிறார்கள். வெளிவந்தது, ஏற்றுக்கொள்ளப்பட்டு அச்சுக்குக் காத்திருப்பது, மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டது, எழுதிக்கொண்டிருப்பது ஆகிய நான்கும் நான்கு வேறு நிலைகள். அனுப்பியதை வெளிவந்ததாகக் காட்டுவது பொய். குழுவில் இருப்பவர் கைத்தொலைபேசியில் அரை நிமிடத்தில் தேடிப் பார்த்துவிடுவார். அதன்பின் மற்றப் பக்கங்களில் உள்ள உண்மைகளையும் அவர் நம்பமாட்டார். மூவர் சேர்ந்து எழுதிய கட்டுரையானால், அச்சில் உள்ள அதே ஒழுங்கில் மூன்று பெயரையும் போடுங்கள். உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டலாம். ஆண்டு, இதழின் பெயர், தொகுதி, பக்கம் எல்லாம் வேண்டும். கருத்தரங்கில் வாசித்த கட்டுரையை ஆய்விதழ்க் கட்டுரையோடு கலக்காமல் வேறாக வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பணம் கட்டினால் ஒரு கிழமையில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பெருகிவிட்டன. அமெரிக்க நூலகரான ஜெப்ரி பீல் என்பவர் 2010 அளவில் இவற்றுக்கு "கொள்ளைக்கார இதழ்கள்" என்ற கருத்தில் பெயர் சூட்டிப் பட்டியலும் இட்டார். அந்தப் பட்டியலை அவர் 2017 இல் நீக்கிக்கொண்டார். நல்ல ஆய்விதழ்கள் சிலவும் கட்டணம் வாங்குவதுண்டு. ஆகவே கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், உங்கள் ஆசிரியரிடம் கேட்டு அறிந்தபின் அனுப்புங்கள். அம்மாவின் காப்பை அடகு வைத்து இவ்விதழ்களில் போட்ட கட்டுரை கோவையில் இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல்.

ஓவியர் எழுதிய விண்ணப்பம்

நம் வீட்டுச் சாப்பாட்டறைகளில் தொங்குகிறதே இராப்போசனப் படம், அதன் மூலத்தை வரைந்த லெயொனார்டோ டா வின்சியும் ஒரு காலத்தில் வேலை தேடியவர்தான். ஏறக்குறைய 1482 ஆம் ஆண்டில், முப்பது வயதளவில், மிலான் நகரை ஆண்ட லுதோவிக்கோ ஸ்ஃபோர்சாவுக்கு அவர் எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் அந்நகரில் பேணப்படுகிறது. பாலம் கட்டுவேன், பீரங்கி வார்ப்பேன், கோட்டைக்குள் சுரங்க வழி தோண்டுவேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகிறார். ஓவியம் தீட்டத் தெரியும் என்பது கடைசியில்தான் வருகிறது! படையெடுப்புக்கு அஞ்சி நின்ற ஆட்சியாளருக்கு எது தேவை என்பதை அவர் அறிந்திருந்தார். (சொன்னதையெல்லாம் அதற்கு முன் செய்து காட்டியவராகத் தெரியவில்லை. அதில் அவரைப் பின்பற்ற வேண்டாம்.)

விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். கற்பித்தலை முதன்மையாகக் கேட்கும் இடத்துக்குக் கற்பித்தலை மேலே கொண்டுவாருங்கள். ஆய்வைக் கேட்கும் இடத்துக்கு ஆய்வை. உண்மை மாறாது, ஒழுங்கு மாறலாம். "கற்பித்தல் அனுபவம் உண்டு" என்று நிறுத்தாமல், என்ன பாடம், எந்த ஆண்டு மாணவர், எத்தனை பேர், தமிழ்மொழி மூலமா ஆங்கிலமொழி மூலமா என்று எழுதுங்கள். தற்காலிக உதவி விரிவுரையாளராகச் செய்முறை வகுப்பு நடத்தியதும் கணக்கில் சேரும்.

"பத்து வருடம் மறைக்கல்வி படிப்பித்திருக்கிறேன், போடலாமா?" என்றும் கேட்டாள். பங்குப் பணியைப் பெருமையோடு நினைப்பவர்களாகிய உங்களில் பலருக்கும் இக்கேள்வி இருக்கும். போடலாம், கடைசிப் பக்கத்தில், சமூகப் பணி என்ற தலைப்பின் கீழ், ஒரு வரி. பாடகர் குழு, பீடப்பணி, விளையாட்டுக் கிண்ணம் எல்லாம் இங்கே வேண்டியதில்லை.

விடுபட்ட இரண்டு ஆண்டுகள்

கோவையை மூடப் போகையில் ஒன்று கண்ணில் பட்டது. கல்வித் தகைமைகளில் ஆண்டுகளே இல்லை. "ஏன் பிள்ளை?" என்றேன். பதில் வரவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள். 2008 இல் உயர்தரம் எழுதியிருக்க வேண்டியவள். வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009 இல் செட்டிக்குளம் முகாமுக்கு வந்து, 2010 இல்தான் பரீட்சை எழுதினாள். "வயது போன பிள்ளை, ஏதோ பெயிலாகிப் பெயிலாகி வந்தவள் என்று நினைப்பார்கள், சேர். உள்ளதை எழுதினால் அனுதாபம் தேடுகிறாள் என்பார்கள்."

இந்தத் தயக்கம் அவளுக்கு மட்டும் உரியதல்ல. 1990 இலும் 1995 இலும் வீடு விட்டு ஓடிய தலைமுறைக்கும் இருந்தது. ஆனால் ஆண்டுகளை மறைத்தால் நடப்பது என்ன? முன்னே நான் சொன்ன அந்தச் சில நிமிட வாசிப்பில், ஆண்டு இல்லாத இடத்தைக் காண்பவர் எதையோ ஒளிக்கிறார் என்றே எண்ணுவார். சிறையா, நோயா, பரீட்சையில் தோல்வியா என்று அவர் மனம் தானே நிரப்பிக்கொள்ளும். நான் அவளை எழுதச் செய்தது இவ்வளவுதான்: "2008–2010: போர்ச் சூழலாலும் இடப்பெயர்வாலும் கல்வி தடைப்பட்டது. 2010 இல் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினேன்." அந்த வரியில் முறையீடு எதுவும் இல்லை, திகதியும் காரணமும் மட்டுமே. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, உயர்தரப் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையே நம் நாட்டில் காத்திருக்க நேர்வதையும், 2020 இல் கொரோனாவால் மூடப்பட்ட மாதங்களையும் இதேபோல ஒரு வரியில் குறிக்கலாம். குழந்தை பெற்று வளர்த்த ஆண்டுகளுக்கும் இதுவே வழி.

முகாமுக்கு வருமுன் அவள் தகப்பனை இழந்தாள். அதை அவள் எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. கோவை கேட்பது காலத்தின் கணக்கை மட்டுமே.

சான்று கூறுவோரும் தபாலும்

"உறவினரல்லாத இருவர்" என்று கேட்கும் இடத்தில் பாராளுமன்ற உறுப்பினரின் பெயரைப் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. பங்குத்தந்தை தரும் நற்சாட்சிப் பத்திரம் உங்கள் ஒழுக்கத்துக்குச் சாட்சி. உங்கள் ஆய்வைப்பற்றி அவர் என்ன சொல்ல முடியும்? மேற்பார்வையாளர், உங்களைப் படிப்பித்த பேராசிரியர், உங்களோடு வேலை செய்த மூத்தவர் ஆகியோரே தகுந்தவர்கள். முன்கூட்டி அனுமதி கேளுங்கள். கோவையின் பிரதியையும் விளம்பரத்தையும் அவர்களுக்கு அனுப்பி, குறைந்தது மூன்று கிழமை அவகாசம் கொடுங்கள். கேளாமல் பெயர் போட்டு, குழுவின் கடிதம் கண்டு அவர் திகைத்தால் நட்டம் உங்களுக்கே.

எழுதி முடித்ததும் வேறொருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். எழுத்துப் பிழையை எழுதியவர் கண் காணாது. மின்னஞ்சலில் அனுப்புவதானால் பி.டி.எப். கோப்பாக மாற்றி, கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள்; "புதிய சீ.வீ. கடைசி 2" என்ற பெயரோடு வருபவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பதிவுத் தபாலில் கேட்டால், பதவியின் பெயரைக் கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் எழுதுங்கள்.

அரச சேவையில் இருப்பவர்கள் திணைக்களத் தலைவர் ஊடாகவே அனுப்பவேண்டும். இந்தப் பிள்ளைக்கும் அதுவே கடைசித் தலையிடி. அதிபரின் மேசையிலிருந்து வலயக் கல்விப் பணிமனைக்குப் போய், அங்கிருந்து கடிதம் புறப்படுவதற்குள் முடிவுத் திகதி கடந்துவிடும் போலிருந்தது. முற்பிரதி ஒன்றை நேரே பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, "மூலப் பிரதி உரிய வழியில் வருகிறது" என்று ஒரு குறிப்பும் வைக்கச் சொன்னேன். தபாற்கந்தோர் தந்த பற்றுச்சீட்டை அவள் அந்தப் பொலித்தீன் பைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் போன மாதம் வந்தது.