படைத்தவர் யார்? – இல்லந்தோறும் எழும் ஒரு வினா



திருச்சிராப்பள்ளியில் சாலைகள் பல வந்து கூடும் மன்னார்புரத்தில் நாம் வாழ்ந்து வருகின்றோம். சென்ற விடுமுறையில், கல்லூரியில் முதலாண்டு பயிலும் நம் பேத்தி தோழியருடன் திருவரங்கம் சென்று வந்தாள். 1987இல் நிறைவுற்ற 236 அடி உயர இராஜகோபுரத்தையும், அதனருகே 2006இல் நிறுவப்பெற்ற பெரியார் சிலையையும் ஒருசேரக் கண்ட தோழியருள் ஒருத்தி, “உங்கள் சமயத்தில் படைத்தவன் ஒருவன் உண்டென்று ஒப்புவதில்லையாமே? அப்படியானால் நீ சிலையின் பக்கந்தானே?” என்றாளாம். மற்றொருத்தி, “பின் எதற்காக நாள்தோறும் கைகூப்பி வணங்குகிறாய்?” என்றாளாம். வீடு திரும்பியவள், செருப்பைக் கழற்றுமுன்பே, “பாட்டி, நாம் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

இவ்வினா நம் இல்லத்திற்குப் புதிதன்று. இதே வயதில் இவள் தந்தை, நம் மகன், இதையே கேட்டான். அன்று நாம், “பெரியோர் வணங்கியதை நீயும் வணங்கு, வாதம் செய்யாதே” என்று வாயடைத்தோம். அதன்பின் அவன் கேட்கவுமில்லை. ஜினாலயத்திற்கு மனமுவந்து வரவுமில்லை. ஆசிரியப் பயிற்சியில், மாணவனின் வினாவை அடக்குதல் கற்பித்தலுக்குப் பகை என்று படித்தோம், பள்ளியில் அதைக் கடைப்பிடித்தோம், வீட்டில் மறந்தோம். அப்பிழைக்குக் கழுவாயாகவே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

முதற்கண், இறைவன் உண்டென்போர் கூறும் காரணங்களை அவர்தம் நிலையில் நின்று அறிதல் வேண்டும். எதிர்வாதியின் கூற்றைக் குறைத்துக் கூறி வெல்லுதல் வெற்றியாகாது. நியாய நூலார் கூறுவது இது: குடம் ஒரு காரியம், அதற்குக் குயவன் உண்டு. உலகமும் உறுப்புகளால் ஆகிய காரியமே. ஆதலின் அதற்கும் அறிவுடைய கருத்தா ஒருவன் இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, வினை அறிவற்றது. யாருக்கு, எப்போது, எவ்வளவு பயன் தருவது என்பதை அது அறியாது. ஆகவே பயனைக் கூட்டுவிப்பவன் ஒருவன் தேவை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உதயணர் தம் ‘நியாய குசுமாஞ்சலி’ என்னும் நூலில் இவற்றையும் இவை போன்ற பிறவற்றையும் விரிவாக நிறுவினார். எளிதில் தள்ளத்தக்க வாதங்கள் அல்ல இவை.

இனி, நம் ஆசாரியர்கள் எழுப்பிய தடைகளைக் காண்போம். இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் போற்றிய ஜினசேனாசாரியர் ஒன்பதாம் நூற்றாண்டில் ‘ஆதிபுராண’த்தில் இதனை ஆராய்கின்றார். அவர் வினாக்களின் சாரம் வருமாறு: உலகைப் படைக்குமுன் படைத்தவன் எங்கே நின்றான்? எப்பொருளைக் கொண்டு படைத்தான்? அப்பொருள் படைக்கப்படாமலே இருந்ததெனில், உலகமும் அவ்வாறே அநாதியாக இருத்தல் கூடாதோ? அவன் நிறைவுடையவனாயின் படைக்கும் விருப்பம் ஏன் தோன்றிற்று? விளையாட்டிற்காக எனின், அது நிறைவுடையோர்க்கு அழகோ? கருணையினால் எனின், துன்பமுறும் உயிர்கள் ஏன்?

இங்கே நம் பேத்தியை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்றுண்டு. திருவரங்கத்தையே தம் இருப்பிடமாகக் கொண்டு வைணவம் வளர்த்த இராமாநுசர், குடமும் குயவனும் கொண்டு இறைவனை அனுமானிப்பதை ஏற்கவில்லை! தம் ‘ஸ்ரீபாஷ்ய’த்தின் தொடக்கப் பகுதியிலேயே அவர் அதனை மறுக்கின்றார். நாம் காணும் செய்வோர் யாவரும் உடலுடையவர், குறைந்த ஆற்றலுடையவர். மாளிகையைப் பலர் கூடிக் கட்டுகின்றனர். மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே செய்யப்பட்டன என்பதற்கு அனுமானம் சான்றாகாது என்பது அவர் கருத்து. இறைவனை அறிய மறைநூல் ஒன்றே பிரமாணம் என்று அவர் முடிக்கின்றார். ஆக, அனுமானத்தை மறுப்பவரெல்லாம் நாத்திகர் என்று கூறின், அச்சொல் கோபுரத்தின் உள்ளேயும் சென்று விழும்.

அனுமானத்தை மறுப்பதில் உடன் வந்த நாம், மறைநூல் என்னுமிடத்தில் பிரிகின்றோம். நூல் ஒன்று பிரமாணமாவது எதனால்? இவ்வினாவை எழுப்பியவர் ‘ஆப்தமீமாம்ஸை’ இயற்றிய சமந்தபத்திராசாரியர். அருகப் பெருமானைப் போற்றப் புகுந்தவர், தேவர் வருகையும் வான்வழிச் செல்லுதலும் கவரி வீசுதலும் மாயம் வல்லோரிடத்தும் காணப்படுவன. அவற்றால் மட்டும் ஒருவர் பெரியவராகார் என்று தொடங்குகின்றார். குற்றம் நீங்கியமையும், உரைத்த சொல் பிரமாணத்தோடு முரண்படாமையுமே பெருமைக்கு அடையாளம் என்பது அவர் முடிபு. தாம் வணங்கும் தலைவரையும் ஆராய்ந்தே வணங்கிய இப்பெருமகனார் வழிவந்த நாம், பிள்ளைகள் ஆராயும்போது ஏன் அஞ்சுதல் வேண்டும்?

வினைக்குப் பயன் கூட்டுவிப்பவன் வேண்டாவோ எனின், நம் நூலார் வினையை உயிரோடு கலக்கும் நுண்ணிய புத்கலம் என்பர். கள்ளுண்டவனை மயக்குமாறு கள்ளிற்கு ஒருவர் கட்டளையிடுவதில்லை. உண்டவனின் உடலோடு கலந்து தானே மயக்குகின்றது. வினையும் அத்தகையதே. இவ்விடை எல்லா ஐயங்களையும் ஒரே நாளில் தீர்த்துவிடும் என்று நாம் கூறோம். ஆயின், துன்புறுவோனைக் கண்டு, “இது இறைவன் விதித்தது” என்று ஒதுங்கிச் செல்லும் வாயிலை இது அடைக்கின்றது. அதுபோலவே, “அவன் வினை அவனுக்கு” என்று ஒதுங்கிச் செல்லவும் நமக்கு உரிமையில்லை. கொல்லாமையும் அருளும் நமக்கு விதிக்கப்பட்ட அறங்கள்; ஒதுங்கினால் அதுவும் நம் கணக்கில் வினையாகும்.

அவ்வாறாயின் நாம் சிலையின் பக்கமோ? அன்று. இதற்குத் தமிழில் நம் முன்னோர் யாத்த ‘நீலகேசி’ சான்று. பலியைத் தடுத்த முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்த தெய்வமொன்று, அவரிடமே அறங்கேட்டுத் தெளிந்து, பெண்ணுருவில் சமயவாதிகளைத் தேடிச் சென்று வாதிடுகின்றது. பத்துச் சருக்கங்கள் கொண்ட அந்நூலின் ஒன்பதாவது வேதவாதம், பத்தாவது பூதவாதம். உயிர் என ஒன்றில்லை, பூதங்களின் சேர்க்கையே யாவும் என்பாரையும் நீலகேசி மறுக்கின்றாள். சமய திவாகர வாமன முனிவர் உரையோடு 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் இதனைப் பதிப்பித்தார். வினாக்கேட்கும் பெண்ணைத் தலைவியாக்கிய காப்பியம் நம்முடையது என்பதை இல்லத்துப் பெண்மக்கள் அறிதல் வேண்டும்.

நாத்திகர் என்னும் சொல்லுக்கும் ஒரே பொருள் இல்லை. வேதத்தை ஏற்காதவர் என்பது ஒரு பொருள். அதன்படி நாம் நாத்திகரே. மறுமை இல்லை என்பவர் என்பது, பாணினியின் இலக்கணத்திற்கு உரையாசிரியர் கொண்ட பொருள். அதன்படி உயிரும் வினையும் வீடும் உண்டென்னும் நாம் ஆத்திகரே. வேதத்தைத் தலைமேற்கொண்ட மீமாம்சகருள் குமாரிலரும் உலகைப் படைத்தவனை ஒப்பவில்லை என்பதும் நினைவிற்குரியது. எட்டாம் நூற்றாண்டினரான ஹரிபத்திராசாரியரோ, தூயோர் காட்டிய நெறியில் நடப்பவன் வீடு பெறுதலின், அத்தூயோரை உபசாரமாகக் கருத்தா எனலாம் என்று பிறர் கொள்கைக்கும் இடமளித்தார். அநேகாந்தம் வாழ்வில் இயங்கும் முறை இதுவே.

எஞ்சியது இரண்டாம் தோழியின் வினா. அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாது ஆகிய பஞ்ச பரமேட்டிகளை வணங்கும் நம் மந்திரத்தில் வேண்டுகோள் ஒன்றேனும் உண்டோ என்று பேத்தியைத் தேடச் சொன்னோம். மனத்துள் ஒருமுறை ஓதிப் பார்த்தவள், “ஒன்றுமே கேட்கவில்லையே, பாட்டி!” என்றாள். ஆம், வணக்கம் மட்டுமே உண்டு. அவர்தம் குணம் நம்மிடத்தும் மலர்க என்பதற்காகவே வணங்குகின்றோம். நல்லாசிரியரை நினைத்தால் மதிப்பெண் வாராது. அவர்போல் ஆகும் விருப்பம் வரும்.

“ஆற்றொணாத் துன்பத்தில் அலறுபவன் யாரை அழைப்பான், பாட்டி?” என்று அவள் மேலும் கேட்டாள். நமக்கு உடனே விடை தோன்றவில்லை. செய்தித்தாளின் பின்னிருந்து கேட்டுக்கொண்டிருந்த மகன் அதை மடித்து வைத்து, “அருகில் இருப்பவரை அழைப்பான். வரவேண்டியது நாம்தானே, அம்மா?” என்றான். இத்தனை ஆண்டுகள் அவன் வாய் திறந்திருப்பின் நாம் எவ்வளவோ கற்றிருப்போம்.

இல்லத்தில் கூடியிருந்து உரையாட மூன்று வினாக்கள்:

1. குடம்–குயவன் உவமையில் வலிமை யாது? குறை யாது?

2. கேட்டது கிடைக்காதபோது தளராத வழிபாடு எத்தகையது?

3. நம் பிள்ளைகள் கேட்டும் நாம் விடையளிக்காத வினா எது?

மூன்றாம் வினாவிற்குப் பெரியோரே முதலில் விடையளிப்பாராக.

அறம் வளர்க!